வீட்டுக்கான கைப்பணம்: எதிலிருந்து எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது

வீடு பார்த்தாகிவிட்டது, விலையும் பேசியாகிவிட்டது, வங்கியும் 40 லட்சம் தருவதாகச் சொல்லிவிட்டது. மீதிப் பணத்துக்கு எங்கே போவது? பி.எஃப். பணத்தை எடுக்கலாமா, நகையை அடகு வைக்கலாமா, அப்பாவிடம் கேட்கலாமா, ஒரு தனிநபர் கடன் வாங்கிச் சமாளித்துவிடலாமா? சொந்த வீட்டின் வாசல் வரை வந்த குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி இதுதான். பெரும்பாலானவர்கள் எதில் வட்டி குறைவு என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தேன். வட்டி முக்கியம்தான். ஆனால் கைப்பண விஷயத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ பார்க்க வேண்டிய கணக்கு.

முதலில், எவ்வளவு வேண்டும்?

ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி தரலாம். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். இவை உச்ச வரம்புகள். வங்கி இதைவிடக் குறைத்தும் தரலாம்.

இதைப் படித்துவிட்டு 50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையில் 10 லட்சம் இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்த்து வங்கி கணக்கிடாது (10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 50 லட்சத்துக்கு 4.5 லட்சம் பத்திரச் செலவு. தரகு, வழக்கறிஞர் கருத்துரை, மதிப்பீட்டாளர் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒரு லட்சம் வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருந்து போக வேண்டியது 15.5 லட்சம். அதாவது வீட்டின் விலையில் 31 சதவீதம்.

புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனை என்றால் கணக்கு மாறும். 2023 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத வீடாக இருந்தால் பொதுவாக ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்பவர், "பத்திரத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்பார். வங்கி கடன் தருவது பத்திரத்தில் உள்ள விலைக்கு. 50 லட்சத்து வீட்டைப் பத்திரத்தில் 38 லட்சமாகக் காட்டினால் கடன் 30 லட்சத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பத்திரச் செலவில் ஒரு லட்சம் மிச்சம் பிடிக்கப்போய்க் கைப்பணத் தேவை எட்டரை லட்சம் ஏறிவிடும். சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு. மறுத்துவிடுங்கள்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேட்பேன். இந்தப் பணம் தவறிப்போனால் இழப்பது யார்? இதற்கு மாதத் தவணை உண்டா, உண்டென்றால் அது என் வீட்டுக் கடன் தகுதியைக் குறைக்குமா? கிரய ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் கைக்கு வருமா? நான்காவதாகத்தான் வட்டி.

| வழி | தவறினால் இழப்பது | மாதத் தவணை | கைக்கு வரும் காலம் |
|---|---|---|---|
| பி.எஃப். பணம் | ஓய்வுக்காலச் சேமிப்பு | இல்லை | சில வாரங்கள் |
| குடும்பத்தின் பணம் | பெற்றோரின் பாதுகாப்பு, உறவு | பேச்சைப் பொறுத்தது | உடனே |
| நகைக்கடன் | நகை | பெரும்பாலும் இல்லை, ஆண்டு முடிவில் மொத்தமாக | அன்றே |
| வங்கி வைப்பு நிதி, காப்பீட்டுப் பாலிசி மீது கடன் | அந்தச் சேமிப்பு | பெரும்பாலும் இல்லை | சில நாட்கள் |
| ஏலச் சீட்டு | ஏலத்தில் தள்ளிய (விட்டுக்கொடுத்த) தொகை, ஜாமீன்தாரரின் நிம்மதி | உண்டு | ஏலத்தைப் பொறுத்தது |
| தனிநபர் கடன் | வீட்டுக் கடன் தகுதி | உண்டு, கனமானது | ஓரிரு நாட்கள் |
| அரசு வட்டி மானியம் | இழப்பு இல்லை | இல்லை | கடன் வாங்கிய பிறகு, ஐந்து ஆண்டுகளில் |

பி.எஃப். பணம்

இது உங்கள் பணம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வட்டி கேட்க ஆள் இல்லை. வீட்டுக் கடன் தகுதியும் குறையாது. நீண்ட காலமாக இருந்துவரும் விதிப்படி ஐந்து ஆண்டு உறுப்பினராக இருந்தவர் வீடு வாங்க 36 மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை வரை எடுக்கலாம். இருப்பு அதைவிடக் குறைவென்றால் இருப்பு வரைதான். 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு இந்த விதிகளைத் தளர்த்த முடிவெடுத்தது: 12 மாதப் பணி இருந்தாலே எடுக்கலாம், ஆனால் 25 சதவீதம் கணக்கில் எப்போதும் இருக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் கணக்கில் எவ்வளவு தகுதித் தொகை காட்டுகிறது என்பதை இணையதளத்தில் பார்த்துவிட்டே விற்பவரிடம் தேதி சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு காலத்தில் இருக்கிறது. 2024-25க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டியே தொடர்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்று எடுக்கும் 5 லட்சம் 20 ஆண்டில் 24 லட்சத்தைத் தாண்டியிருக்கும். இதைப் பார்த்துப் பயந்து, பி.எஃப்.பில் கையே வைக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எடுத்த பிறகு விருப்பப் பங்களிப்பாக மாதம் 4,200 ரூபாய் கூடுதலாகப் போட்டு வந்தால் அந்தப் பள்ளம் 20 ஆண்டில் ஏறக்குறைய நிரம்பிவிடும். 35 வயதுக்காரருக்கு இது முடியும். 50 வயதைத் தாண்டியவருக்கு நிரப்ப ஆண்டுகள் இல்லை. அவர் தொடாமல் இருப்பதே நல்லது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் உண்டு. ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், பி.எஃப். கணக்கில் முன்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பிவந்து, கொடுத்த அட்வான்ஸுக்கே ஆபத்து வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். வீடு தேடத் தொடங்கும் மாதத்திலேயே பெயரைச் சரிசெய்துவிடுங்கள்.

குடும்பத்தின் பணம்

வட்டி இல்லாத பணம், விண்ணப்பம் இல்லாத பணம். இருக்கும் எல்லா வழிகளிலும் அதிக யோசனை தேவைப்படுவதும் இதுவே.

முதலில் வரி. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர், மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி, மாமனார், மாமியார், மைத்துனர் ஆகியோர் அன்பளிப்பாகக் கொடுத்தால் எத்தனை லட்சமானாலும் வாங்குபவருக்கு வருமான வரி இல்லை. ஆனால் மாமா மகனும் சித்தப்பா மகனும் வரிச் சட்டத்தின் பார்வையில் உறவினர் அல்ல. மனைவியின் மாமாவும் அல்ல. அப்படிப்பட்டவர்கள் ஓர் ஆண்டில் கொடுத்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானமாகிவிடும். அவர்களிடம் வாங்குவதைக் கடனாக எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்கினாலும் ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக ரொக்கத்தில் பெற்றால், பெற்ற தொகைக்குச் சமமாகவே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கைமாற்று என்று சொன்னாலும் வரித்துறைக்கு அது கடன்தான். ஐந்து லட்சத்துக்கு ஐந்து லட்சம் அபராதம் என்றால் எந்த வட்டிக்காரரும் கேட்காத வட்டி அது. வங்கிக் கணக்கு வழியாகவே வரட்டும். கூடவே "இன்னார் இன்னாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது" என்று ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். வீட்டுக் கடன் தரும் வங்கியும் கைப்பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்.

பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. வீடு வாங்க உறவினரிடம் வட்டிக்கு வாங்கிய கடனுக்கும், அவரிடம் சான்று பெற்றால், வட்டிக் கழிவு கோரலாம். அசலுக்குக் கிடையாது. புதிய முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே இல்லை. கொடுத்தவர் அந்த வட்டியைத் தம் வருமானத்தில் காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வரியைவிடப் பெரிய செலவு வேறு. அப்பாவின் ஓய்வுப் பணம் என்பது பல வீடுகளில் மருத்துவச் செலவுக்கான ஒரே கையிருப்பு. அவர் "எனக்கு எதற்குப் பணம்" என்றுதான் சொல்வார். அதை நம்பி முழுவதையும் வாங்காதீர்கள். அவரிடம் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்பதில்லை என்று உங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தங்கைக்கும் தம்பிக்கும் தெரியாமல் வாங்காதீர்கள். பத்து ஆண்டு கழித்துச் சொத்துப் பிரிக்கும் நாளில், "அண்ணனுக்கு அப்போதே கொடுத்தாகிவிட்டது" என்பதைக் கொடுத்தவர் சொல்ல முடியாத நிலை வரலாம். இது கடனா, அன்பளிப்பா, பங்கில் கழியுமா என்பதை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது பேசிவிடுவது ஒரு மணி நேரச் சங்கடம். பேசாமல் விட்டால் ஆயுளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

மாமனார் வீட்டுப் பணமோ மனைவியின் நகையோ போகும் வீட்டில் மனைவியின் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நகைக்கடன்

பீரோவில் இருக்கிறது, மதியத்துக்குள் பணமாகிவிடும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. அந்த விதிகளுக்கான நடைமுறைக் கெடு 2026 ஏப்ரல் 1. ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டும் கடனில், வட்டியையும் சேர்த்து முதிர்வில் கட்ட வேண்டிய தொகைக்கே இந்த வரம்பு. எனவே கையில் கிடைப்பது நீங்கள் நினைத்ததைவிடச் சற்றுக் குறையும்.

அதே விதிகள் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு 12 மாதம்தான் கெடு என்கின்றன. கட்டிய வட்டியைக் காட்டினால்தான் புதுப்பிக்க முடியும். இங்கேதான் நான் மாட்டினேன். வீடு வாங்கிய ஆண்டு மாதத் தவணை, குடிபுகும் செலவு, ஜன்னல் கம்பி, மோட்டார் என்று கை காலியாகவே இருந்தது. ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் சேர்ந்து வந்து நின்றபோது, மூன்று ஆண்டு வட்டி மட்டும் கட்டிக் கட்டிப் புதுப்பித்தேன். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மனைவி ஒரு கல்யாணத்துக்கும் அந்த நகையைப் போட்டுக்கொண்டு போகவில்லை.

அதனால் நகைக்கடனை ஒரே சூழ்நிலையில்தான் பரிந்துரைப்பேன். அடுத்த 12 மாதத்துக்குள் வரப்போகும் பணம் ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும்: முதிரும் வைப்பு நிதி, ஒத்திக்கு இருக்கும் வீட்டைக் காலி செய்தால் திரும்பும் தொகை, முன்பதிவு முடிந்துவிட்ட மனை விற்பனை. அதுவரைக்குமான பாலமாக நகை நிற்கும். அப்படி எதுவும் இல்லை, போட்டுக்கொள்ளாத நாணயமும் பழைய வளையலும்தான் இருக்கின்றன என்றால், அடகு வைக்காமல் விற்றுவிடுங்கள்.

வைப்பு நிதி, காப்பீட்டுப் பாலிசி மீதான கடன்

வைப்பு நிதி மீது வழக்கமாக 90 சதவீதம் வரை கடன் கிடைக்கும், வட்டி அந்த வைப்பின் வட்டியைவிட ஒன்று முதல் இரண்டு சதவீதம் கூடுதல். சில மாதங்களில் முதிரப் போகும் வைப்பை உடைக்காமல் இருக்க இது உதவும். முதிர இன்னும் மூன்று ஆண்டு இருந்தால் உடைத்துவிடுவதே லாபம். பாலிசிக் கடன் சரண் மதிப்பை (பாலிசியை இடையில் ஒப்படைத்தால் கிடைக்கும் தொகையை) வைத்துத் தருவது. வட்டியைக் கட்டாமலே விட்டுவிட வசதி இருப்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு முதிர்வுத் தொகையையே கடன் விழுங்கிவிடுகிறது. குடும்பத்தின் ஒரே காப்பீடு அதுவென்றால் தொடாதீர்கள்.

ஏலச் சீட்டு

ஏற்கெனவே பாதிக்கு மேல் கட்டிய சீட்டு இருந்தால் நல்ல வழி. தள்ளுபடி குறைந்திருக்கும் பின்பாதியில் எடுக்கலாம். வீட்டுக்காகவே இன்று புதுச் சீட்டில் சேர்ந்து இரண்டாம் மாதமே எடுப்பது வேறு கதை: 10 லட்சம் சீட்டை 3 லட்சம் தள்ளி எடுத்தால் கையில் 7 லட்சம், மீதி மாதங்கள் முழுக்கத் தவணை. எடுத்தவர் ஜாமீன் கொடுக்க வேண்டும். உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் சக ஊழியரையும் உங்கள் வீட்டுக் கடனுக்குள் இழுக்கிறீர்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். அந்தச் சட்டத்தில் நடத்துபவரின் கமிஷனுக்கு 7 சதவீதம் உச்சவரம்பு.

தனிநபர் கடன்

கைப்பணத்துக்காகத் தனிநபர் கடன் வாங்குவதை எந்தச் சூழ்நிலையிலும் நான் பரிந்துரைப்பதில்லை. காரணம் 14 சதவீத வட்டி மட்டுமல்ல.

மாதம் 80,000 ரூபாய் கையில் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி கணக்கிட்டால் 40,000 ரூபாய். 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுக்கு இது 46 லட்சம் கடனைத் தாங்கும். இவர் 5 லட்சம் தனிநபர் கடனை ஐந்து ஆண்டுத் தவணையில் 14 சதவீதத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 11,600 ரூபாயைத் தாண்டும். மிச்சம் இருக்கும் 28,400 ரூபாய் 32.7 லட்சத்தைத்தான் தாங்கும். 5 லட்சம் கொண்டுவரப் போய் 13 லட்சத்தைத் தொலைத்தாயிற்று. வீட்டுக் கடன் அனுமதியான பிறகு எடுத்தால் தெரியாது என்று சில தரகர்கள் சொல்வார்கள். பணம் பட்டுவாடா செய்யும் முன் வங்கி கடன் அறிக்கையை மறுபடி பார்க்கலாம். பார்த்தால் கொடுத்த அட்வான்ஸும் அந்தரத்தில்.

கட்டுநர் தரும் சலுகைகள்

"இப்போது 10 சதவீதம், மீதி சாவி வாங்கும்போது" என்ற விளம்பரத்தில் இரண்டு வகை உண்டு. கட்டுநரே காத்திருப்பது ஒன்று. வங்கி உங்கள் பெயரில் கடனைக் கொடுத்துவிட, சாவி வரும் வரை வட்டியைக் கட்டுநர் கட்டுவது இன்னொன்று. இரண்டாவதில் கட்டுநர் கட்டத் தவறினால் கடனாளி நீங்கள்தான். இந்த ஏற்பாட்டில் சிக்கிய டெல்லி சுற்றுவட்டார வீடு வாங்கியவர்களின் வழக்குகளில்தான் 2025-ல் உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. முதல் வகையிலும் காத்திருப்பதன் விலை சதுர அடி விலைக்குள் ஒளிந்திருக்கும். முழுப் பணமும் உடனே தந்தால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை.

அரசின் உதவி

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள, இந்தியாவில் எங்கும் நிரந்தர வீடு இல்லாத குடும்பத்துக்கு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதிகபட்சம் 1.80 லட்சம் ஐந்து ஆண்டுத் தவணைகளில் கடன் கணக்கில் சேரும். தகுதி இருந்தால் விடாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் இது பதிவு நாளன்று கையில் இருக்கும் பணம் அல்ல. மானியத்தைக் காட்டிக் கைப்பணத்தைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் தரகரை நம்பாதீர்கள். கிராமத்தில் சொந்த மனையில் குடிசையில் இருப்பவர்களுக்கோ மாநில அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் மானியமே அறிவிக்கப்பட்டது. அவர்கள் கடன் பக்கம் போகும் முன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

தள்ளிப்போடுவது

இதையும் ஒரு வழியாகவே வைக்கிறேன். வரப்போகும் தவணை 34,700, இப்போதைய வாடகை 15,000 என்றால் வித்தியாசமான 19,700 ரூபாயை இன்றிலிருந்தே தொடர் வைப்பில் போடுங்கள். இரண்டு ஆண்டில் 4.7 லட்சம் அசலே சேர்ந்துவிடும். இதைவிட, அந்தத் தவணையோடு உங்கள் குடும்பம் வாழ முடிகிறதா என்பது ஆறாம் மாதமே தெரிந்துவிடும். விலை ஏறிவிடுமே என்ற பயம் நியாயமானது. பார்த்த வீடு போய்விடும் என்ற வலியும் உண்மையானது. ஆனால் தேவையான தொகையில் பாதிகூடக் கையில் இல்லாதவருக்கு வேறு எதையும் என்னால் மனசாட்சியோடு சொல்ல முடியவில்லை.

சேர்த்துக் கட்டினால்

பெரும்பாலானவர்கள் ஒரே வழியில் எடுப்பதில்லை, நாலைந்தைச் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். மேலே சொன்ன 15.5 லட்சத்தை, 36 வயதுள்ள ஒருவருக்கு நான் இப்படிப் பிரிப்பேன்: சொந்தச் சேமிப்பு 6 லட்சம், பி.எஃப். 4.5 லட்சம், அப்பா தரும் அன்பளிப்பு 3 லட்சம், பழைய நகையும் நாணயமும் விற்று 1 லட்சம். இன்னும் ஒரு லட்சம் குறைகிறது. அதற்கு நகைக்கடன், மார்ச் மாத ஊக்கத்தொகை உறுதியாக வருமென்றால் மட்டும். உறுதி இல்லையென்றால், கிரய ஒப்பந்தம் எழுதும்போதே விற்பவரிடம் மூன்று மாதக் கெடுவை ஆறு மாதமாகக் கேளுங்கள். அவசரம் இல்லாத விற்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்பதற்குச் செலவு இல்லை. எழுதும் ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.